கிரீஸ் அடித்ததாக நான் எழுதிய பக்கம் குறித்து

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது நாற்பத்தாறு. வீட்டைக் கவனித்து வருகிறேன். எங்களுக்குச் சொந்தமான வேனை என் கொழுந்தன் ஓட்டுகிறார். தையல் ஆலைப் பெண்களை ஏற்றி இறக்குகிறோம். கணவருக்கு முதுகு நோவு வந்து குனிய முடியாமல் போன பிறகு, வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து, பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டுக்கு மாதம் ஒருமுறை நானே கிரீஸ் அடித்து நோட்டில் தேதியோடு எழுதி வருகிறேன். கிரீஸை உள்ளே செலுத்தும் கன்னைப் பொருத்தி அழுத்தினால், ஷாஃப்டின் மூட்டில் நான்கு முனைகளிலும் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வரவேண்டும். வந்தால்தான் புதியது உள்ளே போயிற்று என்று பொருள்.

சென்ற மாதம் ஐந்தாம் தேதி வேன் முழங்கால் தண்ணீரில் போய் வந்தது. தண்ணீர் ஏறினால் மறுநாளே கிரீஸ் அடித்தாக வேண்டும். மறுநாள் காலை நான் குளித்துப் பிரார்த்தனைக்குக் கிளம்பி நின்றேன். கொழுந்தன், "நீங்க போங்க அண்ணி, நான் அடிச்சிடறேன்" என்றார். திரும்பி வந்தபின் குனிந்து பார்த்தேன். மூட்டின் மேல் புது கிரீஸ் விரலால் அப்பியிருந்தது. கீழே விரித்த காகிதத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு இல்லை. உண்ணாத குழந்தையின் உதட்டில் சோற்றைத் தடவி, ஊட்டியாயிற்று என்று காட்டுவது போல் இருந்தது. பழைய கிரீஸ் எங்கே என்று கேட்டேன். "தொடச்சிட்டேன். அது வண்டி அண்ணி, மாமியார் இல்ல. இவ்வளவு பயப்படாதீங்க" என்றார். துடைக்கும் துணி நான் மடித்து வைத்தபடியே வெளுப்பாகக் கிடந்தது. உடுத்தியிருந்த சேலை அழுக்காகும் என்று நான் வண்டிக்கடியில் போகவில்லை. அதன்பிறகு உள்ளே சென்று, கிரீஸ் அடிக்கப்பட்டது என்று நோட்டில் எழுதினேன்.

அதன்பிறகு இருபத்திரண்டாம் நாள் ஓடும்போதே ஷாஃப்ட் கழன்று, தரைத் தகட்டைக் கிழித்து, நடு இருக்கையில் இருந்த பெண்ணின் இடது காலை முறித்தது. கொழுந்தன் என் நோட்டைக் காவல் நிலையத்தில் கொடுத்து, வீட்டுப் பராமரிப்பில் குறையில்லை, முன்பு ஷாஃப்ட் மூட்டை மாற்றிக் கொடுத்த மெக்கானிக்தான் அதைச் சரியாகப் பொருத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மெக்கானிக்கைக் கைது செய்தார்கள். அன்று மதியம் கொழுந்தன் நான் பரிமாறிய சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, விரல்களை நக்கியபடி, "எழுத்து உங்களோடது அண்ணி. நான் ஒண்ணும் எழுதலியே" என்றார். அந்தத் தட்டை நான் கழுவவில்லை.

இன்று இங்கே உடைந்த மூட்டைக் காட்டினார்கள். உள்ளே கிரீஸ் இல்லை, சிவந்த துருப் பொடி இருந்தது. வெளியே அப்பியது மண்ணும் மயிரும் ஒட்டி அப்படியே இருந்தது. கொழுந்தனைவிட என்மீதே எனக்கு வெறுப்பு வந்தது. மெக்கானிக் மீது குற்றமில்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

இவற்றை யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை, நடந்தது இதுவே. எழுத்தர் வாசித்துக் காட்டியபோது நோட்டைப் பற்றிய இடத்தில் 'கவனக்குறைவால் எழுதிவிட்டேன்' என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். "இப்படியே இருந்தா உங்களுக்கு நல்லதும்மா" என்றார். மறுத்தேன். அதை அடித்து, 'பொய்யென்று தெரிந்தே எழுதினேன்' என்று திருத்திய பிறகு, திருத்தத்தின் ஓரத்திலும் இங்கேயும் கையெழுத்திட்டேன்.