பா என்றால் பால்

— அப்பா இல்லீங்க. பா-ன்னா பால். அத அஞ்சாவது நம்பர்ல எழுதியாச்சு.

— பாலா? போன வாரம் என்னப் பார்த்துத்தானே சொன்னா?

— உங்க கையில டம்ளர் இருந்துச்சு.

— அடிப்பாவி. எம் பொண்ணு அப்பான்னு கூப்பிட்டுட்டான்னு கோல்ட் ஸ்டோரேஜ்ல ஒருத்தன் விடாம சொல்லி வச்சிருக்கேனே.

— இன்னிக்கு ஷிஃப்டுல மாத்திச் சொல்லிடுங்க. இப்ப ஷூவக் கழட்டிட்டு இங்க வந்து உட்காருங்க. ரூமுக்குள்ள போனீங்க, அப்புறம் மூணு மணிக்குத்தான் வருவீங்க. ஒன்பது சொல்லு இருக்கு. பத்து வேணும். பதினோரு மணிக்கு ஸ்பீச் டீச்சர் முன்னாடி இந்த நோட்ட வைக்கணும்.

— விடிய விடியப் பெட்டி தூக்கிட்டு வந்திருக்கேன்.

— பெட்டியத் தூக்கினது வண்டி. நீங்க மேல உட்கார்ந்து ஓட்டினீங்க.

— சரி தாயே. பத்து இல்லேன்னா என்ன ஆகும்? போன தடவ தூக்கக் கலக்கத்துல கேட்டேன்.

— விளையாட்டு குரூப்ல ஒரே ஒரு இடம் இருக்கு. இவளோட சேர்த்து ஆறு பிள்ளைங்க. தினம் ரெண்டு மணி நேரம். பத்துச் சொல்லு வந்த பிள்ளையத்தான் சேர்ப்பாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த குரூப்பு ஆறு மாசம் கழிச்சு. அதுக்குள்ள இவளுக்கு மூணு வயசு தாண்டிடும்.

— அதுவரைக்கும்?

— இப்ப நடக்கிறதுதான். வாரத்துல ஒரு நாள், அரை மணி நேரம்.

— நோட்டக் குடு. மே, அம்மா. முதல் நம்பரே நீதானா, நல்லா இரு. கூ, குக்கர். தை, தண்ணி. ஊ, ஃபேன். பா… விடு, பார்த்தாச்சு. ட்டா, கதவு. கதவுக்கு ஏன் ட்டா?

— அவ கதவச் சாத்துற அழகு அப்படி.

— இதெல்லாம் ஒரு சொல்லாம்மா? குக்கர் கத்துது, இவளும் கூடச் சேர்ந்து கத்துறா.

— குக்கர் அலமாரியில கவுந்து கிடக்கிறப்பவும் அதக் காட்டிக் கூ-ங்கிறாளே. அதுதான் கணக்கு. உச்சரிப்பப் பத்திக் கவலையே படாதீங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. ஒரே சத்தம், ஒரே பொருள். வேற வேற நேரத்துல மூணு தடவ வரணும். நாம கேட்டு வாங்கக் கூடாது, தானா வரணும். வந்தா அது சொல்லு.

— ஆக குக்கருக்குப் பேர் வச்சாச்சு. ஃபேனுக்கு வச்சாச்சு. மேல் வீட்டு நாய்க்குக்கூட வச்சாச்சு.

— பௌ. அது ஏழாவது. எட்டு, ண்டா, வேண்டாம். ஒன்பது, கீ, கீழ இறக்கி விடு.

— வீட்டுல பேரில்லாம சுத்துறது நான் ஒருத்தன்தான்.

— உம்முனு உட்காராதீங்க, குழந்தை பார்க்குது. உங்களுக்கு ஒரு பேர் வந்துட்டா பத்தும் ஆயிடும். அதுக்குத்தான் உங்களப் பிடிச்சு உட்கார வச்சிருக்கேன்.

— அப்படிச் சொல்லு. பட்டாணி, இங்க வாடி செல்லம். அப்பா சொல்லு. அப்… பா. சொல்லு.

— சொல்லு சொல்லுன்னு நச்சரிக்கக் கூடாதுங்க. பரீட்சை மாதிரி ஆயிடுமாம், இருக்கிற வாயையும் மூடிக்குவாங்களாம். தரையில உட்காருங்க. உங்க முகம் அவ முகத்துக்கு நேரா இருக்கணும். அவ எதப் பார்க்கிறாளோ அத நீங்களும் பாருங்க. பேசாம காத்திருங்க.

— எவ்வளவு நேரம்?

— மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாலு எண்ணுறதுக்குள்ள நமக்கு வாய் துறுதுறுங்கும். எனக்கும் அப்படித்தான்.

— எண்ணிட்டேன். என் ஷூவத்தான் உத்து உத்துப் பார்க்கிறா.

— ஷ்ஷ்.

— ஏய், கேட்டியா? ஷூ. ஷூன்னு சொன்னா. எழுது எழுது, பத்து.

— ஷூ இல்லீங்க. விரல எங்க வச்சிருக்கா பாருங்க.

— உதட்டு மேல.

— அது நான் பண்றது. நீங்க தூங்கும்போது சத்தம் போட்டா விரல வச்சு அடக்குவேன்ல, அத அப்படியே பண்றா. அது சொல்லுல சேராது.

— நான் இப்ப தூங்கலயே. எதுக்குப் பண்றா?

— அதானே. ஏங்க, இருங்க, இருங்க.

— என்ன?

— நேத்து உங்க சட்டையக் கொடியில போட்டேன். அதக் காட்டி ஷ்ஷ்-னா. காத்துக்குச் சொல்றான்னு நினைச்சேன்.

— சட்டைக்கா?

— முந்தாநாள் என் போன்ல உங்க போட்டோ. அதுல விரல வச்சு ஷ்ஷ். ஞாயித்துக்கிழம நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டுது, ஷ்ஷ் ஷ்ஷ்-னு கதவுக்கு ஓடினா. நான்தான் மக்கு மாதிரி, சத்தம் போடாதேன்னு எனக்குச் சொல்றான்னு நினைச்சுட்டேன். இப்ப உங்க ஷூ.

— ஒரே சத்தம்.

— ஒரே ஆள். மூணு கேட்டாங்க, நாலு வந்திருக்கு. யாரும் சொல்லுன்னு கேக்கல. வந்துடுச்சுங்க, பத்து வந்துடுச்சு. பேனா எங்க? இப்பதானே கையில வச்சிருந்தேன்.

— உன் தலையிலதான் சொருகியிருக்கு. என்னன்னு எழுதப் போற?

— பத்து. ஷ்ஷ். பொருள், அப்பா.

— எழுதாத.

— விளையாடாதீங்க.

— விளையாடல. வேற ஏதாவது தேடு.

— மணி ஒன்பதரை. வேற எங்க போய்த் தேடுறது?

— பிள்ளைக்குப் பேச்சு வரலன்னு ஒரு வருஷமா அலையுறோம். அவ அப்பனுக்கு வச்ச பேரு, பேசாதே. அத எழுதி ஊரான்கிட்ட நீட்டுவியா?

— இதனாலதான் பேச்சு வரலன்னு நினைக்காதீங்க. டீச்சர் முதல் நாளே சொன்னாங்க. காது பார்த்தாங்க, எல்லாம் பார்த்தாங்க. சில பிள்ளைங்களுக்கு இப்படித்தான். யார் தப்பும் இல்ல.

— தப்பப் பத்தி எவன் கேட்டான். நான் பேரப் பத்திப் பேசறேன்.

— அந்தப் பேர வச்சது நான். கரண்டி விழுந்தா ஷ்ஷ். அவ சிரிச்சா ஷ்ஷ். தூங்காமப் போய் வண்டி ஓட்டினா என்ன ஆகுமோன்னு பயம் எனக்கு. உங்களுக்கு வெட்கமா இருக்கு. எனக்கு மட்டும் பெருமையாவா இருக்கு?

— நோட்ட மூடி வை.

— நம்ம வெட்கத்துக்காக அவ ஆறு மாசம் உட்காரணுமா? சொல்லுங்க. கிழிச்சுடுன்னா கிழிச்சுடறேன்.

— கிழிக்காத.

— அப்ப?

— எழுது. கொட்டையா எழுது, டீச்சர் கண்ணாடி போடாமப் படிக்கட்டும்.

— எழுதிட்டேன்.

— எங்க கத்துக்கிட்டான்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன். நானும் வர்றேன்.

— தூக்கம்?

— சாயங்காலம் பார்த்துக்கலாம். நாளையிலேர்ந்து காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் படுக்கிறேன். கரண்டி விழட்டும். அவ ஆசை தீரக் கத்தட்டும்.

— எங்க போனா? இந்தா, ஜன்னல்ல நிக்கிறா. கீழ குப்பை வண்டி வந்திருக்கு, அதுக்குக் கை ஆட்டறா.

— வண்டிக்கு ஆட்டலம்மா. அவ மூஞ்சி இந்தப் பக்கம்ல இருக்கு.

— ஆமா. உங்களத்தான் பார்க்கிறா. வாயத் திறக்காதீங்க, அவ ஏதோ சொல்ல வர்றா.

— ஷ்ஷ். வா.