தறி நின்ற பிறகும் தூங்கிய குழந்தை

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், மடியில் தூங்கும் குழந்தையோடு முள்ளிப்பட்டில் ஏறிய இளம்பெண், பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண்ணிடம் சொன்னாள்:

“புள்ள அழலன்னுதாங்க்கா பதறி உள்ள ஓடினேன்.”

“அழலன்னா நல்லதுதானம்மா?”

“இவன் தறி சத்தத்துலதாங்க்கா தூங்குவான். தறி நின்னா உடனே முழிச்சிகினு கத்துவான். அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு தறிய நிறுத்திட்டு சாப்பிட வந்துட்டாரு. இவன் சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா, தூளிக்குப் பக்கத்துல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் பேட்டரி தறி மாதிரியே டக்கு டக்குன்னு அடிச்சிகினு இருக்குது. அதுலருந்து வெள்ளையா புகை.”

“ஐயையோ!”

“இவனத் தூக்கிகினு வாசப்படி தாண்டல, குபீர்னு நெருப்பு சீறிகினு கூரை வரைக்கும் போச்சு. தண்ணி ஊத்துனா அணையுது, மறுபடி தானா பத்திக்குது. தறி, அதுல ஏத்தியிருந்த பாவு நூலு எல்லாம் போச்சுக்கா. அம்மாஞ் சின்னப் பொட்டிக்குள்ள அவ்ளோ நெருப்பு எங்கதான் இருந்துச்சோ!”

கேட்டவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கண்ணமங்கலத்தில் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்துப் பெண் தட்டிக்கொடுக்கக் கை நீட்டினார்.

“அழுவட்டும்க்கா,” என்றாள் தாய். “கொஞ்ச நேரம் காது குளிரக் கேட்டுக்கறேன்.”