மைனஸ் நாற்பத்தொன்று

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிற ஆள் இப்போதே போய்விட்டு வரலாம்... யாரும் இல்லையா? சரி.

மாலை ஆறே முக்கால். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சலவைக்கூடத்தை ஒட்டிப் போகிற சாலை. ஈ காக்கை கிடையாது. அதன் கடைசியில் இருக்கிற பிசியோதெரபி அறையில்தான் என் சிநேகிதனுடைய அக்காவுக்கு வேலை. அன்று காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது.

பிள்ளைகள் டிவி முன்னால் ஏறி நின்று விளையாடுகிற பலகை ஒன்று உண்டே... சிரிக்காதீர்கள், நோயாளி தடுமாறாமல் நிற்கிறாரா என்று பார்க்க அதுதான் அங்கே கருவி. முறையான மெஷின் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அக்கா தன் பையன் ஓரங்கட்டிய பலகையைக் கொண்டுபோய் லேப்டாப்போடு இணைத்துவிட்டாள். ஏறி நின்றால் திரையில் எடை தெரியும். ஆள் சாய்கிற பக்கமெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னால் வெறும் பலகையைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

அன்றைக்குக் கடைசி ஆள் ஒரு லாரி டிரைவர். அக்கா பூஜ்யம் வைத்தாள். அவர் ஏறினார்.

திரையில் நாற்பத்தேழு.

“என்னம்மா இது! எண்பத்தெட்டு கிலோ ஆளு நான். ஒரே வாரத்துல பாதியாயிட்டேனா? என் பொண்டாட்டி நம்ப மாட்டா.”

“பலகை பழசுண்ணே. இறங்குங்க.”

இறங்கினார். வெறும் பலகை. திரையில்... மைனஸ் நாற்பத்தொன்று.

மைனஸ் வர ஒரே வழிதான் உண்டு. பூஜ்யம் வைக்கும்போது பலகையில் யாரோ நின்றிருக்க வேண்டும். பிறகு இறங்கியிருக்க வேண்டும்.

நாற்பத்தொரு கிலோ. அந்த எடை அக்காவுக்கு மனப்பாடம். டீச்சரம்மா. போன மாதம் வரை வந்துகொண்டிருந்தவர். தைல வாசனையோடு வருவார், பலகையில் ஏறியதும் அக்காவின் இடது தோளைப் பிடித்துக்கொள்வார். “விட்டுடாதம்மா, விழுந்துடுவேன்,” என்பார். கடைசி நாளன்று, கண்ணை மூடி நிற்கிற சோதனை ஒன்று பாக்கி இருந்தது. அக்காவுக்கு ஒரே அசதி. “நல்லா நிக்கிறீங்க டீச்சர், இனிமே தனியாவே நடக்கலாம்,” என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் குளியலறையில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

டிரைவரை அனுப்பிவிட்டுத் தனியாக நின்றாள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. தைல வாசனை... மெல்ல மெல்ல, அவள் பக்கமாக.

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

பயந்து ஓடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. லேப்டாப்பை மூடினாள், விளக்கை அணைத்தாள், அந்தச் சாலையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கால் தரையோடு இழுத்தது. வேலைக் களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் கட்டிலுக்கடியில் எடை பார்க்கிற மெஷின் கிடக்கும். அக்கா ஐம்பத்தைந்து கிலோ. வருஷக்கணக்காக அது ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. இழுத்துப் போட்டு ஏறி நின்றாள்.

தொண்ணூற்றாறு.

வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாக்கியிருந்த சோதனை நினைவுக்கு வந்து, மெல்லக் கண்ணை மூடினாள்...

இடது தோளை ஒரு கை இறுகப் பிடித்துக்கொண்டது.