ஆள் உள்ளே

லேப்டாப்பை மூடாதீங்க தம்பி, எதுக்கு மூடறீங்க? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுலேர்ந்து பாத்துக்கிட்டுதான் வர்றேன். கறுப்பு ஸ்கிரீன், ஒரு கட்டளை டைப் அடிச்சா வரிவரியா பதில் வரும், அதானே? எனக்கு எப்பிடித் தெரியுமா? திருவெறும்பூர் தாண்டி எங்க பெயிண்ட் கம்பெனிக்கு மொத கம்ப்யூட்டர் யானை மேல வந்துச்சு. நம்பலையா? சரி, குட்டி யானைன்னு வெச்சுக்குங்க. ஆயுத பூசைக்கு அந்த ஸ்கிரீன் பூரா சந்தனத்தை அப்பினது மட்டும் சத்தியம்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிராங்க்ளின் மடியில உக்காந்திருக்கீங்க. தேடாதீங்க, தெரியமாட்டான். செத்து ஆறு வருஷமாச்சு. ஜன்னலோரம் காலியா இருந்தா வந்துருவான். பச்சைப் பெயிண்ட் வாசனை அடிக்கலை? எனக்கு அடிக்குது.

அந்தக் கலரை யாரு போட்டா? நீங்களா? கேக்காமயே தானா வருதா? ம். வேணுங்கறவன் கேட்டு வாங்கிக்கட்டுமே. அழகா இருக்கா? இருக்கும். இந்த நாலாவது வரி என்ன சொல்லுது? பெயிலா? பெயில்னு எங்கயும் எழுதலையே? ஓ, கலரே சொல்லிருமா.

எங்களுதும் அப்பிடித்தான் ஆச்சு. தொட்டியில கலக்கற மோட்டாரைப் போடறதுக்கு முன்னாடி ஒரு கட்டளை அடிச்சுப் பாக்கணும். ஒண்ணாம் தொட்டி, காலி. ரெண்டாம் தொட்டி, ஆள் உள்ளே. எழுத்துலயே வரும். தொட்டி கழுவ எறங்கறவன் வெளிய சாவியைத் திருப்பிட்டுதான் எறங்குவான், அதை வெச்சு சொல்லும். ஒரு திங்கக்கெழம புது வெர்ஷன் போட்டாங்க. தொட்டி நம்பர் மட்டும்தான். ஆள் இருந்தா செவப்பு, இல்லைன்னா பச்சை. பழையபடி எழுத்து வேணும்னா தனியாக் கேக்கணுமாம். எவன் கேட்டான்?

ஆபரேட்டர் பாத்தாரு. நாலு நம்பரும் ஒண்ணுபோல இருந்துச்சு. மோட்டாரைப் போட்டுட்டாரு. மூணாம் தொட்டியில பிராங்க்ளின்.

விசாரணையில சாவி கோளாறுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அவன் சம்சாரம் பாக்கியமேரி இன்னும் அதைத்தான் நம்புது. இப்ப அது வீட்டுக்குத்தான் போறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் போறது, டீயைக் குடிச்சுட்டு வந்துர்றது.

தம்பி, கலர் இருக்கட்டும், வேணாங்கலை. பக்கத்துல பெயில்னு அந்த ஒரு வார்த்தையைப் போட்டுருங்க. அப்பறம் இல்லை, இப்ப. நான் பாக்கறப்பவே போடுங்க.

என்ன அவசரமா? அன்னிக்கு ஷிப்டு என்னுது. எனக்குச் செவப்பும் பச்சையும் பொறந்ததுலேர்ந்து ஒரே சேத்துக் கலர்தான். கம்பெனியில சேர்றப்ப கண் டெஸ்டுன்னு புள்ளிப்புள்ளியா ஒரு புஸ்தகத்தைக் காட்டி, உள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்டாங்க. எனக்கு முன்னாடி போயிட்டு வந்த பிராங்க்ளின் வராண்டாவுல நின்னு அத்தனையும் வரிசையா ஒப்பிச்சு, மனப்பாடம் பண்ண வெச்சு அனுப்பினான். பன்னண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்போது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை கெடைச்சுது. மாம்பழச்சாலை வந்துருச்சா? நான் எறங்கணும்.