எதிர்வீட்டுப் பாதையின் வாட்டம்

வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட கார்ப்பாதைக்கு முதல் குளிர்காலத்தில் உப்புத் தூவக்கூடாது. நான் வேலை செய்து கொடுக்கும் எல்லா வீட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்வேன். வெண்டலிடமும் சொன்னேன். உப்பு பனியை உருக்கும். உருகிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, இருட்டியதும் உறைந்து விரியும். வசந்தம் வரும்போது மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிந்து வரும். ஆகவே நான் அவருக்குத் தப்பான யோசனை சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நெமனிச் அம்மா. மற்றதை நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் டூலூத் ஊரே ஏரியைப் பார்த்துத்தான் சரிந்து இறங்கும். வெண்டல் பெர்டுலாவின் வீடு மேட்டுப் பக்கம், என்னுடையது எதிரே பள்ளத்துப் பக்கம். என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவருடைய கராஜும் அதன் பக்கத்திலுள்ள படியும் நேராகத் தெரியும். அவர் இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம். ஒரே மகள் மினியாபொலிஸில். குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருக்கலாம் அவரோடு. நல்ல துணை. அதை நான் மறுக்கவில்லை.

அவர் வீட்டுப் பழைய கார்ப்பாதை அவருக்கு முந்தைய சொந்தக்காரர் போட்டது. ஜல்லி கொட்டி இடிக்காமல் வெறும் களிமண் மேலேயே ஊற்றியிருந்தார்கள். அந்த மண் குளிரில் உறைந்தால் பலகாரம் மாதிரி உப்பும்; பனி விட்டால் அமுங்கும். வருஷா வருஷம் இப்படித் தூக்கிப் போட்டதில் படிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டைவிரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. சரிசெய்யச் சொல்லி என் மனைவி மார்லிஸ் அவரிடம் எத்தனையோ தடவை சொன்னாள். அவர் சிரிப்பார்.

“வர்ற கோடைல பாத்துக்கலாம் மார்லிஸ். அது எங்க ஓடிப்போகப் போகுது?”

அவர் சொன்னது சரிதான். அது ஓடிப்போகவில்லை.

போன வருஷம் மார்ச் மாதம் அவருக்குக் காய்ச்சல். மார்லிஸ் காட்டரிசி சூப் செய்து எடுத்துக்கொண்டு சாயங்காலமாகத் தெருவைக் கடந்து போனாள். எழும்பி நின்ற அந்த விளிம்பில் கால் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழ முடியவில்லை. வெகுநேரம் அங்கேயே கிடந்திருக்கிறாள். குப்பையைப் போட வெளியே வந்தபோதுதான் பார்த்ததாக வெண்டல் சொன்னார். அதுவரை கீழறையில், வீட்டைச் சூடாக்கும் உலை எரியும் இரைச்சலில் உட்கார்ந்து மரப்பறவை செதுக்கிக்கொண்டிருந்தாராம், காதில் எதுவும் விழவில்லையாம். தன்னுடைய கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு பனியில் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்சின் சிவப்பு விளக்கு என் சுவரில் சுழன்ற பிறகுதான் நான் போய்ப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டாள்.

தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெண்டல் மூலையில் நின்று அழுதார். பெண்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் சொல்லவும் வந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் முதலில் அவரிடம்தான் போனார்கள்.

மே மாதம் அவரே என் வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“ரூபன், அந்தப் பாதையை உடைச்சுப் போட்டுடணும்யா. அதைப் பாக்கப் பாக்க எனக்குத் தொண்டைல எதுவும் எறங்க மாட்டேங்குது.”

உடைக்க ஊரில் ஆளா இல்லை என்றேன்.

“வேற ஒருத்தன் கை அதுல படக்கூடாது. நீ போட்டாத்தான் சரியா இருக்கும். அவளுக்காகவாவது போட்டுக் குடு.”

அவளுக்காகவே போட்டேன். 

அவ்வளவு நல்ல வேலையை நான் வேறு யாருக்கும் செய்து கொடுத்ததில்லை. பழையதை இடிஎந்திரத்தால் உடைத்து அள்ளினோம். களிமண்ணை இடுப்பளவு தோண்டி எடுத்து, ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்தோம். உறைபனி இனி அதைத் தூக்க முடியாது. கம்பி கட்டி, பலகை அடித்து, கலவையும் நானே சொல்லி வரவழைத்தேன். எங்கள் குளிருக்குக் கலவைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் இருக்க வேண்டும். உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்து விரியும்போது ஒதுங்கிக்கொள்ள அதற்கு இடம் வேண்டுமே. இன்றைக்கும் போய்ப் பாருங்கள், ஒரு மயிரிழை வெடிப்பு இருக்காது. தெருப் பக்கம் வாட்டம் விட்டிருக்கிறேன். ஒரு கோலிக்குண்டை வைத்தால் தானாக உருண்டு போகும்.

படிக்குப் பக்கத்தில் மட்டும் உருளாது.

என்னோடு வேலை செய்த இருவரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, முட்டி போட்டு அந்த இடத்தை நான் தனியாக முடித்தேன். ஒரு ஆள் மல்லாந்து படுக்கும் அகலத்துக்கு லேசான பள்ளம். பார்த்தால் தெரியாது, மேலே நடந்தாலும் தெரியாது. மற்ற இடமெல்லாம் ஈரம் காயுமுன்னே துடைப்பம் இழுத்துச் சொரசொரப்பாக்கினேன். கால் பிடிக்க அதுதான் வழி. அந்தப் பள்ளத்தில் இரும்புக் கரணையால் தேய்த்தேன், பீங்கான் தட்டு மாதிரி வரும்வரை. அப்புறம் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அந்தப் பக்கம் திருப்பிவைத்தேன். பழைய இடத்தில் விழுந்தால் சுவரோரம் மண் அரிக்கும் என்றேன். வெண்டல் அதற்கும் நன்றி சொன்னார்.

குளிர்காலத்தில் பகல் வெயிலில் கூரைப் பனி சொட்டும். சொட்டிய தண்ணீர் அங்கே போய் நிற்கும். வெயில் சாய்ந்ததும் கண்ணாடி. சிமெண்ட்டுக்கும் பனிக்கும் வித்தியாசமே தெரியாது.

உப்பு வேண்டாம் என்றேன், அது நிஜம். மணலாவது தூவலாமா என்று கேட்டார். மணல் புதுத் தளத்தைக் கீறிவிடும் என்றேன். அது பொய். நான் அவரிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

டிசம்பரில் தபால் கொடுக்க வந்த ஜோலீன் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றைக்கு வெண்டல் ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஜன்னலில் பார்த்த உடனே நான்தான் ஓடினேன். கையைத் துணியால் கட்டி, என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவள் புருஷன் வரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான்.

வெண்டல் திரும்பி வந்து விஷயம் கேட்டதும் நேரே என்னிடம் வந்தார்.

“என் வாசல்ல ரெண்டாவது பொம்பள விழுந்திருக்காய்யா. என்னமோ சாபம் பிடிச்ச எடம் போல இருக்கு. நாளைக்கே ஒரு மூட்டை உப்பு வாங்கிக் கொட்டிடறேன்.”

அந்தப் பெண் அடி தேய்ந்துபோன பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவசரமாக நடந்தாள் என்று சொன்னேன். ஒரு குளிர்காலம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். மார்லிஸுக்காகப் போட்ட தளத்தை உப்புப் போட்டுக் கெடுக்கப் போகிறீரா என்றும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உப்பு வாங்கவில்லை.

சரிசெய்ய வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதா என்று கேட்டீர்கள். தோன்றியது. தளத்தை அரைத்துச் சமமாக்கும் எந்திரத்தை ஒரு மணிநேரம் ஓட்டினால் போதும். ஆனால் வேலை பாதியில் இருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் பகலில் நல்ல வெயில். கூரையிலிருந்து ஓயாமல் சொட்டியது. மாலையில் ஏரிக்காற்று திரும்பிக் குளிர் இறங்கியது. நான் காபி ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தினமும் அந்த நேரத்தில் அங்கேதான் உட்காருவேன். வெண்டல் படியில் இறங்கி, இரண்டு எட்டு வைத்தார். கால் முன்னால் போய்விட்டது. விழுந்த விதத்தைப் பார்த்தபோதே இடுப்பு என்று தெரிந்தது.

முதலில் ‘யாராவது இருக்கீங்களா’ என்று கூப்பிட்டார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் விளக்கு எரிவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

“ரூபன், எந்திரிக்க முடியலய்யா. கொஞ்சம் வாய்யா.”

கொஞ்ச நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் மார்லிஸிடம் என்னவோ பேசினார், மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். குளிரில் கடைசியில் அப்படித்தான் குழம்பும் என்பார்கள். நான் காபியை முடித்தேன். இரண்டாவது கோப்பை ஊற்றவில்லை. சத்தம் நின்று வெகுநேரம் ஆன பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு நான்தான் போன் செய்தேன்.

அதோடு முடிந்திருக்கும். தனியாக இருந்த கிழவர் வழுக்கி விழுந்தார் என்று நீங்களும் முடித்துவிட்டீர்கள். வெண்டலின் மகள் கேட்டுக்கொண்டதால் நகராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்து, அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். தண்ணீர் தேங்கி நின்றது. என் காதுபடவே அந்தப் பெண்ணிடம் சொன்னார்: “தளம் போட்ட கிழவனுக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு. வாட்டம் விடத் தெரியாம விட்டுருக்கான்.” அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். என் கையைப் பிடித்து, நீங்க வேணும்னு செய்யல, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க என்றாள்.

அன்றைக்கே கிளம்பி உங்களைப் பார்க்க வந்தேன். வாட்டம் விடத் தெரியாமல் விட்டதில்லை அது. அந்தத் தளத்தில் நான் நினைக்காமல் நடந்தது எதுவும் கிடையாது. வெண்டல் பெர்டுலாவைக் கொன்றது நான். அதைச் சரியாகச் செய்தேன்.

அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டதா என்று இரண்டு முறை கேட்டீர்கள். கேட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தும், தெருவுக்கு இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. உறைகுளிரில் குரல் அப்படிப் போகும். எனக்கே இவ்வளவு கேட்டதென்றால், மார்லிஸ் கூப்பிட்டபோது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவருக்குக் கேட்காமல் இருந்திருக்குமா? கேட்டும் சும்மா இருந்தவருக்கு என்ன தண்டனை என்று உங்கள் சட்டத்தில் இருக்கிறதா? இல்லை. அதனால்தான் நான் செய்ய வேண்டியதாயிற்று.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள், மார்லிஸ் விழுந்த சாயங்காலம் நான் எங்கே இருந்தேன் என்று. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. வீட்டில்தான் இருந்தேன். டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே என்னவோ சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்ததால், டிவி ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.