துரை விட்டுப்போன படகு

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பாய்மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பித்தளையைத் தடவிப் பார்ப்பார்கள். மணலில் முட்டி போட்டு அடிப்பலகையைப் பார்க்கிறவர்கள் குறைவு. என் தங்கை சாலாவின் வீட்டுக்காரர் முத்துராமனும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றுதான் என்னைக் கூட்டிப்போயிருந்தார்.

நான் பர்மாவில், மௌல்மீன் மரக்கிட்டங்கியில் இளமையைக் கழித்தவன், ஐயா. யுத்தத்தில் எல்லாம் போய், திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே திரும்பினேன். கடையும் காசும் போனாலும் மரத்தைப் பற்றிய அறிவு கூடவே வந்துவிட்டது. "ஒங்களுக்குத்தான் மச்சான் மரம் தெரியும். நீங்க சரின்னா சரி" என்றார் அவர்.

வெயில் தவிர வேறொன்றும் இல்லாத ஊர்க்காரருக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். சாலாவுக்குக் குழந்தை இல்லை. அவர் இரண்டாவது கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்த குடும்பம் ஒன்றில் பேசியிருந்தார். அவர்கள் அங்கே துரைமார் பாய் விரித்துப் பகல் முழுக்கக் கடலில் உலாவி வருவதைப் பார்த்தவர்கள். பெண் வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. படகு பெரிதாக இருக்க வேண்டும், பழைய சீமைக் களை வேண்டும், கல்யாணச் செலவுக்குப் பங்கம் வராத விலையிலும் வேண்டும்.

அந்தக் கல்யாணப் பேச்சைச் சாலாவிடம் யாரோ சொன்ன அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நீ சாப்பிடு. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

முதலில் அம்மாபட்டினத்தில் ஒன்றைப் பார்த்தோம். சின்னப் படகு, நாலு பேர் உட்காரலாம். பலகை ஒவ்வொன்றும் கெட்டி. "தண்ணித் தொட்டி மாதிரி இருக்கு மச்சான்" என்று முகத்தைச் சுளித்தார். நானும் சிரித்தேன்.

கோட்டைப்பட்டினத்தில் கிடந்தது வேறு மாதிரி. சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு துரை விட்டுப்போனது. நீண்ட உடம்பு, முகப்பு மெலிந்து மேலே வளைந்திருந்தது. தேக்குப் பலகையில் வார்னிஷ் இன்னும் மினுங்கியது. இரண்டு பக்கமும் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். விலையும் கைக்குள் இருந்தது. அவர் தேரைச் சுற்றுகிறவர் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான் அடியில் நுழைந்தேன். இடது பக்கம் ஒரு பலகையைப் புழு தின்றிருந்தது. கத்தி வைத்தேன், வெந்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல இறங்கியது. நடு அடியில் காற்றில் கவிழாமல் இருக்க ஈயம் வார்த்திருந்தார்கள். வெறும் மரமானால் தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். ஈயம் அப்படி விடாது. கத்தியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எப்படி மச்சான்?"

"பழசுதான். ஆனா நல்ல தேக்கு. கொஞ்சம் அடைச்சுத் தார் பூசணும்."

அதில் பொய் எதுவும் இல்லை.

அடைத்ததும் நான்தான். மரத்தூளையும் மெழுகையும் குழைத்து அடைத்து, மேலே தார் பூசினேன். கரையில் நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. படகு ஓட்ட அமர்த்திய அடைக்கலத்தின் மேல் தப்பில்லை. அவர் உதவிக்கு வந்தபோது பாய் தைக்க அனுப்பிவிட்டேன். அவருக்கு எவ்வளவு தூரம் நீந்த வரும் என்பதையும் முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தேன். பிறத்தியாரைப் பற்றி நினைக்காதவன் இல்லை நான்.

வெள்ளோட்டத்துக்கு முத்துராமன் தனியாக வருவதாகத்தான் பேச்சு. கார் வந்து நின்றது. அவருக்குப் பின்னால் சாலா இறங்கினாள். அரக்குக் கண்டாங்கிச் சேலை, தலை நிறையப் பூ. என்னை ஓரமாக இழுத்துப்போனாள்.

"அண்ணே, அந்தப் பேச்சு நின்னுபோச்சு. இவுகளே வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாக. பிள்ளை கூட்டிக்கிருவோம், பங்காளி வீட்டுப் பிள்ளையா பாத்துத் தத்து எடுக்கலாம்னு சொன்னாக."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து. மொதல்ல ஒன்னயத்தான் ஏத்திக்கிட்டுப் போவேன்னு இவுகதான் கூட்டியாந்தாக. நீங்களும் வாங்கண்ணே."

எனக்குத் தலை சுற்றும் என்றேன்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரிகிறது. படகு அப்போது இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஐயா. சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள். சாலா என் முகத்தைப் பார்ப்பாள். அவள் என்னைத் தவறாக நினைத்துக்கொண்டு மீதிக் காலமெல்லாம் நடமாடுவதை என்னால் தாங்க முடியாது. அவளுக்கும் அது நல்லதில்லை. பலகை போட்டு, அவள் கையைப் பிடித்து நான்தான் ஏற்றிவிட்டேன். புடவைக் கரை நனைந்துவிடப்போகிறது என்று தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

பாய் விரிந்ததும் படகு அழகாகச் சாய்ந்து போனது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். முத்துராமன் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல முடியாது.

ஆழத்துக்குப் போனபின் பாய் ஆடியது, பிறகு தணிந்தது. அடைக்கலம் மட்டும் நீந்தி வந்தார். ஆள் விட்டுத் தூக்கிய படகில் அந்தப் பலகையை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அடைத்தது நான், அனுப்பியது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிவரை சாலா "அண்ணே, அண்ணே" என்று கரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததாக அடைக்கலம் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு ஆறுதல். அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.