மூணாவது நாற்காலி

எங்க சித்திக்குத்தாங்க இந்த அநியாயம். தேர்தல்ல நிக்கறது மூணு பேர், விவாத மேடையில போட்டிருக்கறது ரெண்டு நாற்காலி. மூணாவது ஆள் கீழ கூட்டத்தோட கூட்டமா உக்காந்துக்கணுமாம், ஆசையிருந்தா கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டுக்கலாமாம். அதான் நான் வீட்லேருந்தே நாற்காலியைத் தூக்கிட்டுப் போறேன். கால் இடிக்குதாக்கா? இருங்க, இப்படித் திருப்பிக்கறேன். மடக்கற நாற்காலியா இருந்தா வம்பில்ல, இது சாப்பாட்டு மேஜையோடது. கண்டக்டர் வேற, இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமே, பேசாம நீயே இதுல உக்காந்துக்கம்மா, சீட்டாவது மிச்சமாகும்னு கிண்டல் பண்ணிட்டுப் போறார்.

நான் மொதல்ல பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் எடுத்தேன். அம்மா விடல. அவனுங்க ரெண்டு பேரும் மெத்தை வச்சதுல சாஞ்சு உக்காந்திருப்பானுங்க, என் தங்கச்சி மட்டும் பிளாஸ்டிக்லயான்னு, இதை இழுத்து, ஈரத்துணி போட்டுத் துடைச்சு, கால் ஆடுதான்னு உக்காந்து பாத்து, குஷனைக் கயித்தால கட்டிக் குடுத்தாங்க. சித்தியை இடுப்புல தூக்கி வளத்ததே அம்மாதான். இன்னமும் அவங்களுக்கு சித்தி சின்னப் புள்ளதான், இவங்க ஊட்டலன்னா சாப்பிடாது.

சித்தியைத் தெரியாதா உங்களுக்கு? பெரியாஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்க. போஸ்டர்ல பாத்திருப்பீங்களே. அட, எப்படிப் பாத்திருப்பீங்க, காலையில ஒட்டினா மத்தியானத்துக்குள்ள அது மேல வேற மூஞ்சி வந்துருது.

நடைபாலம்தாங்க விஷயம். இந்த பஸ் அதைத் தாண்டித்தான் போகும், வரும்போது காட்டறேன். இங்க இருக்கறது ரெண்டே கட்சி, ஒண்ணு ஆளுங்கட்சி, இன்னொண்ணு ஆண்ட கட்சி. தேர்தலுக்குத் தேர்தல் பேரை மட்டும் மாத்திக்குவாங்க. இவங்க இருந்தப்ப ரயில் லைனுக்கு இந்தப் பக்கம் படி கட்டினாங்க. அவங்க வந்தாங்க, இது ஊழல்னு நிறுத்திட்டு அந்தப் பக்கத்துலேருந்து படி கட்டினாங்க. மறுபடி இவங்க வந்து, அது தரமில்லன்னு நிறுத்திட்டாங்க. இப்ப ரெண்டு பக்கமும் படி இருக்கு, நடுவுல ஆகாசம் இருக்கு. மேல ஏறி நின்னு எதிர்ப்பக்கத்து ஆளுக்குக் கையாட்டிட்டு எறங்கி வரலாம்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானும் சிரிச்சவதான். சித்தி கூட வேலை பாத்த ஒரு அக்கா, மழையில தண்டவாளத்தைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. ரயில் வரல, அந்த மட்டுக்கும் தப்பிச்சாங்க. எந்த ஆஸ்பத்திரி படுக்கைவிரிப்பை வெளுத்தாங்களோ அதே விரிப்பு மேல கொண்டுபோய் படுக்க வச்சாங்க. பாத்துட்டு வந்த கையோட சித்தி சொன்னாங்க, நான் நிக்கப்போறேன்னு. டயர் கடை மாடியில ஆஃபீஸ் வச்சிருக்கற ஒரு சின்னக் கட்சி இடம் குடுத்துச்சு. அங்கயும் நாற்காலி தட்டுப்பாடுதான். கூட்டம்னா கீழேருந்து பழைய டயரை உருட்டிட்டு வந்து உக்காந்துக்குவாங்க.

பாத்தீங்களா, நீங்களும் அதையே சொல்லிட்டீங்க. நல்லவங்கதான், ஆனா ஜெயிக்க மாட்டாங்களே. கோவமெல்லாம் இல்லக்கா, எனக்குக் காது புளிச்சுப் போச்சு, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் சொன்னார், நல்லவங்கதான், ஆனா. முடிவெட்டறவர் சொன்னார், கத்திரியை நிறுத்திட்டு யோசிச்சு வேற சொன்னார், நல்லவங்கதான், ஆனா. எங்க கீழ் வீட்டுக்காரங்க புருஷனும் பொண்டாட்டியும் எதுலயும் ஒத்துப் போனதில்ல, இதுல மட்டும் ஒரே குரல். இந்த ஆனா போடறவங்க எல்லாம் ஒருவாட்டி ஆனாவை முழுங்கிட்டு ஓட்டைப் போட்டா சித்தி நோகாம ஜெயிச்சுருவாங்க. நீங்க போடாததால அவங்க ஜெயிக்கல, அவங்க ஜெயிக்காததால நீங்க போடல. இதுல எது மொத இழை, எங்க பிடிச்சு இழுக்கறது? சொல்லுங்க.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, ஜெயிக்கவே மாட்டாங்கன்னு சொல்ற கட்சிக்காரங்கதான் சித்தி வீட்டு வாசலுக்கு வந்து நிக்கறாங்க. ஆளுங்கட்சி ஆள் வந்து, நீங்க நின்னா எங்க ஓட்டு பிரியும், உங்களை அவங்கதானே நிறுத்தினாங்கன்னான். அவன் செருப்பை மாட்டிட்டுப் போன சூடு ஆறல, ஆண்ட கட்சிக்காரன் வந்து அதே பாட்டு. சித்தி கேட்டாங்க, எங்க ஓட்டு எங்க ஓட்டுன்னு சொல்றீங்களே தம்பி, அது என்ன நீங்க சலவைக்குப் போட்ட துணியா, உங்க பேர் எழுதித் தனியா எடுத்து வைக்கறதுக்குன்னு. சித்தியால வாசல்ல இவ்வளவு பேச முடியும். மேடையில பேசினா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுக்குத்தான் நாற்காலி இல்ல.

யாரு முடிவு பண்ணதா? எங்க புரொஃபசர். விவாதம் எங்க யுனிவர்சிட்டி அரங்கத்துலதான், இன்னைக்குச் சாயந்தரம். எங்களுக்கு ஜனநாயகம் பாடம் எடுக்கறவரே அவர்தான். கிளாஸ்லயே எழுந்திரிச்சு கேட்டேன். விதி இருக்கும்மா, கருத்துக்கணிப்புல பத்து சதவீதம் வாங்கினவங்களுக்குத்தான் மேடைன்னார். கணிப்பு எப்படி எடுக்கறாங்க சார்னேன். அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும், ஏன்னா அந்த ஃபோன் சித்தி வீட்டுக்கே வந்துச்சு. ஒரு பொண்ணு, ரெண்டு கட்சிப் பேரைச் சொல்லி, இதா அதா மேடம்னு கேட்டிருக்கா. ரெண்டும் இல்லம்மா, எங்க கட்சிதான்னு அதோட பேரைச் சித்தி சொல்லியிருக்காங்க. அந்தப் பேர் இதுல இல்லையே மேடம்னிருக்கா. அம்மா தாயே, நானே வேட்பாளர்ம்மான்னு சித்தி சொன்னா, சரிங்க மேடம், இன்னும் முடிவு செய்யலன்னு போட்டுக்கறேன், நன்றின்னு வச்சுட்டா.

ஆமாக்கா, வேட்பாளரே யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ணலயாம். டிவியில ரெண்டு பேருக்கும் கலர் கலரா கட்டம், கடைசியில சாம்பல் கலர்ல மற்றவர்கள்னு ஒரு கோடு. எங்க வீட்ல இப்ப சித்திக்கு அதான் பேரு. கதவைத் தட்டினா, யாருங்கன்னு கேப்போம், மற்றவர்கள் வந்திருக்கேன், காப்பி போடுங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. அவங்க சிரிச்சுக்கறாங்க, எனக்குத்தான் பத்திக்கிட்டு வருது.

இதையெல்லாம் சொன்னதும் புரொஃபசர், சொந்தக்காரங்க விஷயத்துல நீ உணர்ச்சிவசப்படறேன்னார். நான் விடல, கணிப்புல பேரே இல்லாதவங்க எப்படி சார் பத்து சதவீதம் வாங்குவாங்கன்னேன். அவர் நாற்காலிக் கணக்குக்குத் தாவிட்டார். மேடையில ரெண்டு நாற்காலிதான் ஏற்பாடு பண்ணியிருக்கோம், மூணாவதுக்கு நான் எங்க போவேன், வேணும்னா நீ கொண்டு வாயேன்னார். கிளாஸே சிரிச்சுது. சரி சார், கொண்டு வரேன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். அவர் வேடிக்கைக்குச் சொன்னார், எனக்குத் தெரியாமலா? ஆனா அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டாரில்ல. இன்னைக்கு இதைக் கொண்டுபோய் அந்த ரெண்டு நாற்காலிக்கு நடுவுல போடறேன். சித்தியை உக்கார வைக்கறேன். எடுக்கச் சொல்றவர் மைக்குல சொல்லட்டும்.

அது நியாயமான கேள்விதாங்க. சித்திக்குப் போட்டு, அதனாலயே ரெண்டுல மோசமானவன் நூலிழையில வந்துட்டா யார் பொறுப்பு? இதைத்தான் என்னை யாரும் கேக்கக்கூடாதுன்னு நினைப்பேன். வரிசை போட்டு ஓட்டுப் போடற முறை சில ஊர்ல இருக்கு. எனக்கு மொத விருப்பம் இவங்க, இவங்க தோத்தா என் ஓட்டு அவங்களுக்குன்னு எழுதிடலாம். அப்படி இருந்தா உங்க பயம் போச்சு. ஆனா இங்க அதைக் கொண்டு வரணும்னா சட்டத்தை மாத்தணும். மாத்த வேண்டியது யாரு? அந்த ரெண்டு கட்சி. பூட்டினவங்க கையிலயே சாவி, நாம வெளிய நின்னு கத்திட்டிருக்கோம்.

அதோ, அதோ பாருங்க பாலம். தெரியுதா? அந்த நுனியில கம்பி நீட்டிட்டு நிக்குதே. கீழ தண்டவாளத்துல சேலையைத் தூக்கிப் பிடிச்சுட்டுப் போறாங்க பாருங்க, எல்லாம் சலவைக்கூடத்து ஆளுங்கதான். ஷிஃப்ட் மாறுற நேரம்.

அடுத்த ஸ்டாப்ல நான் எறங்கணும். கொஞ்சம் அந்தக் காலைப் பிடிச்சுக்கறீங்களா, குஷன் அவுந்துடப் போகுது. அம்மா முடிச்சு போட்டா அவ்வளவு சீக்கிரம் அவுழாது, இருந்தாலும்.

என்ன கேட்டீங்க? எங்க வீட்டு ஓட்டாவது முழுசா விழுமான்னா?

என் ஓட்டு விழும். அதைத்தானேக்கா நானும் கேட்டேன். இந்த வாரம் முழுக்கக் கேட்டேன். அம்மா, நீ சித்திக்குத்தானே போடுவேன்னு கேட்டா, அடுப்புல பால் இருக்குன்னுவாங்க, துணி காயப் போடணும்னுவாங்க. தேர்தல்ல நிக்கறது கூடப் பொறந்த தங்கச்சி. இன்னைக்கு வாசல்ல இதைத் தூக்கி என் தோள்ல வச்சு, கயித்தை இன்னொருவாட்டி இழுத்துப் பாத்தாங்க பாருங்க, அப்ப மறுபடி கேட்டேன். இவ்வளவு பாத்துப் பாத்து நாற்காலி குடுக்கறியே, ஓட்டு குடுக்க மாட்டியான்னு. குஷன்ல இல்லாத தூசியைத் தட்டிக்கிட்டே கடைசியில பதில் சொன்னாங்க. நாற்காலின்னா ராத்திரிக்கு வீடு வந்து சேந்துரும்டி, ஓட்டு வருமா?